நட்சத்திரச் சீட்டும் நம் வீட்டுக் கணக்கும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

தீப்பெட்டியின் மேல் ஒட்டும் லேபிள், மத்தாப்புப் பெட்டியின் மேலுறை, சுவரில் தொங்கும் நாட்காட்டி ஆகியவற்றை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் ஊர் நம் மாவட்டத்துச் சிவகாசி. சரக்கின் மேல் ஒட்டும் ஒரு துண்டுக் காகிதத்திற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை நம்மவருக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நம் நெசவாளர் நூல் கட்டு வாங்கும்போது முதலில் நம்பரைப் பார்க்கிறார். பிறகு ஒரு இழையை இழுத்து முறுக்கைப் பார்க்கிறார். அதற்குப் பின்னரே விலை கேட்கிறார். விருதுநகர்ச் சந்தைக்கு வற்றல் கொண்டுசெல்லும் விவசாயியும் தரம் பேசிய பிறகே தொகை பேசுகிறார்.

தொழிலில் இவ்வளவு நிதானம் உள்ள நாம் வீட்டுக்கு ஒரு மின்விசிறியோ குளிர்பதனப் பெட்டியோ வாங்கப் போகும்போது மட்டும் அந்த நிதானத்தைக் கடை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். நிறம் பார்க்கிறோம், தவணை விவரம் கேட்கிறோம், பக்கத்து வீட்டார் எதை வாங்கினார் என்று விசாரிக்கிறோம். சாதனத்தின் மேல் சட்டப்படி ஒட்டப்பட்டிருக்கும் சீட்டை நாம் வாசிப்பதில்லை. நட்சத்திரங்களை எண்ணுவோர் சிலர் உண்டு. அதிலுள்ள எண்களைப் படிப்போர் மிகச் சிலரே.

அந்தச் சீட்டு எதற்காக ஏற்பட்டது, அதை எவ்வாறு வாசிப்பது, அதனால் நம் வீட்டுச் செலவில் என்ன மிச்சமாகும், தண்ணீர் விஷயத்தில் அது நமக்கு எவ்வளவு தூரம் துணை செய்கிறது என்பவற்றை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

1. விதி வந்த வரலாறு

நம் பக்கத்து ஊர்களுக்கு மின்சாரம் நெடுங்காலத்துக்கு முன் வந்ததன்று. தாமிரபரணி ஆற்றின்மீது பாபநாசத்தில் அமைந்த நீர்மின் நிலையம் 1944-ம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு தென் மாவட்டங்களில் மின்கம்பிகள் மெல்ல மெல்லப் பரவின. நம் விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையுள்ள ஆண்டுகளில் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வேலை வேகம் பெற்றது. அக்காலத்தில் ஒரு வீட்டில் இரண்டு விளக்கு எரிந்தால் அதுவே பெரிய வசதி.

பின்னர் நிலைமை மாறியது. 2006-ம் ஆண்டு முதல் அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. 2011-ம் ஆண்டு முதல் மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர் ஆகியவற்றை வழங்கியது. வருமானம் சற்றுக் கூடிய குடும்பங்கள் குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் வாங்கின. இன்று குடிசை வீட்டிலும் நான்கைந்து மின்சாதனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் சிறிதளவே மின்சாரம் தின்றாலும் கோடிக்கணக்கான வீடுகளைச் சேர்த்துப் பார்த்தால் அத்தொகை மிகப் பெரிது.

இதை முன்னிட்டு இந்தியப் பாராளுமன்றம் 2001-ம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் கீழ் 2002-ம் ஆண்டு மார்ச்சு 1-ந் தேதி எரிசக்தித் திறன் செயலகம் அமைந்தது. சாதனங்களுக்குத் தரம் வகுக்கவும், அத்தரத்தைக் காட்டும் சீட்டை ஒட்டும்படி உற்பத்தியாளருக்குக் கட்டளையிடவும் சட்டம் வழி செய்தது. 2006-ம் ஆண்டு மே மாதம் நட்சத்திரச் சீட்டுத் திட்டம் தொடங்கியது. முதலில் விருப்பமுள்ள உற்பத்தியாளர் மட்டுமே சீட்டு ஒட்டினர். 2010-ம் ஆண்டு சனவரி மாதம் உறைபனி படியாத வகைக் குளிர்பதனப் பெட்டி, அறைக் குளிர்சாதனம், குழல் விளக்கு, மின்மாற்றி ஆகிய நான்கிற்கு அது கட்டாயமாயிற்று. பின்னர் மேலும் பல சாதனங்கள் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தன. நம் வீடுகளில் அதிக நேரம் சுழலும் கூரை மின்விசிறிக்கு 2023-ம் ஆண்டு சனவரி 1-ந் தேதி முதல் சீட்டு கட்டாயமாயிற்று.

இவ்வழக்கம் நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. அமெரிக்க நாட்டில் 1980-ம் ஆண்டிலேயே இத்தகைய சீட்டு வந்தது. ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்கள் 1986-ம் ஆண்டு நட்சத்திர முறையைத் தொடங்கின. ஐரோப்பிய நாடுகள் 1992-ம் ஆண்டு விதி வகுத்து, எழுத்து முறையில் தரம் காட்டி வருகின்றன. பொருளை விற்பவர் அதன் குணத்தை மறைக்கக் கூடாது, வாங்குபவர் அறிந்து வாங்கவேண்டும் என்பதே இவை யாவற்றுக்கும் அடிப்படை. கூட்டுறவு இயக்கம் தோன்றிய நாளிலிருந்து சொல்லி வரும் கொள்கையும் இதுவே.

2. சீட்டை வாசிக்கும் முறை

சீட்டின் மேற்பாகத்தில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் நிறந்தீட்டப்பட்டிருக்கும். நட்சத்திரம் கூடினால் அதே வேலைக்குச் செலவாகும் மின்சாரம் குறையும். ஆயினும் நட்சத்திரத்தோடு நின்றுவிடலாகாது. பின்வரும் மூன்றையும் அங்கத்தினர் பார்க்கவேண்டும்.

முதலாவது, எண். குளிர்பதனப் பெட்டியின் சீட்டில் ஓராண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று அச்சிட்டிருக்கும். இதுவே உயிர்நாடி. பெரிய பெட்டிக்கு ஐந்து நட்சத்திரமும் சிறிய பெட்டிக்கு மூன்று நட்சத்திரமும் இருக்கலாம். ஆயினும் சிறிய பெட்டி குறைவான யூனிட்டைச் செலவழிக்கக் கூடும். நட்சத்திரம் ஒரே அளவும் ஒரே வகையும் உள்ள பெட்டிகளை ஒப்பிடுவதற்கு ஏற்பட்டது. நம் பையிலிருந்து போகும் பணத்தை யூனிட் எண்ணே காட்டும்.

இரண்டாவது, ஆண்டு. எந்த ஆண்டின் அட்டவணைப்படி நட்சத்திரம் வழங்கப்பட்டது என்பதும், எந்தக் காலம் வரை அச்சீட்டு செல்லும் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். செயலகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவுகோலை உயர்த்துகிறது. உதாரணமாக, குளிர்சாதனங்களுக்கு 2018-ம் ஆண்டிலும் 2022-ம் ஆண்டு சூலையிலும் அளவுகோல் உயர்ந்தது. ஆகவே, பழைய ஐந்து நட்சத்திரம் புதிய ஐந்து நட்சத்திரத்துக்குச் சமமாகாது. பழைய சரக்கை "ஐந்து நட்சத்திரம்" என்று கூவி விற்பவரிடம் ஆண்டைக் காட்டும்படி கேட்பது நம் உரிமை.

மூன்றாவது, மாடல் எண். சீட்டிலுள்ள மாடல் எண்ணும் சாதனத்தின் மேல் பொறித்த மாடல் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். செயலகம் வெளியிட்டுள்ள கைபேசிச் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்து, சீட்டு மெய்யானதா என்று சரிபார்க்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் இதை ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிடுவோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை வேறு, நட்சத்திரச் சீட்டு வேறு. சாதனம் இந்தியத் தர நிர்ணயத்துக்கு இணங்கியது, பாதுகாப்பானது என்பதை முத்திரை காட்டும். மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாக உபயோகிக்கிறது என்பதைச் சீட்டு காட்டும். ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று கொள்ளலாகாது.

3. மின்விசிறிக் கணக்கு

நம் பக்கத்துக் கோடையைப் பற்றி நாம் எழுதவேண்டியதில்லை. அருப்புக்கோட்டையிலோ சுந்தரபாண்டியத்திலோ தறிக்குழியில் அமர்ந்து நெய்பவருக்கு மின்விசிறி ஆடம்பரமன்று. வேர்வை பாவின்மேல் சொட்டாமல் இருப்பதற்கு அது வேண்டும். ஆகவே, நமக்கு மிகவும் வேண்டிய கணக்கு மின்விசிறிக் கணக்கே.

மின்விசிறியின் சீட்டில் ஒரு விகிதம் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதை அது எடுத்துக்கொள்ளும் வாட்டால் வகுத்தால் வருவது அந்த விகிதம். 2023-ம் ஆண்டு கட்டாயமானபோது இருந்த அட்டவணைப்படி, 1200 மில்லிமீட்டர் அகலமுள்ள மின்விசிறிக்கு விகிதம் 4 இருந்தால் ஒரு நட்சத்திரம். 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐந்து நட்சத்திரம். நிமிடத்திற்கு 210 கன மீட்டர் காற்று தரும் மின்விசிறியை எடுத்துக்கொண்டால், ஒரு நட்சத்திரத்திற்கு ஏறக்குறைய 52 வாட்டும் ஐந்து நட்சத்திரத்திற்கு 35 வாட்டும் ஆகும். பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டார் பொருத்திய மின்விசிறிகளில் 30 வாட்டிலும் அதே காற்று கிடைக்கிறது. நம் வீடுகளில் பல்லாண்டுகளாகச் சுழன்று வரும் பழைய மின்விசிறிகளோ 75 வாட்டு அளவில் எடுத்துக்கொள்பவை.

இப்போது கணக்கைப் போடுவோம். ஒரு மின்விசிறி நாள் ஒன்றுக்கு 12 மணி நேரம் சுழல்வதாகக் கொள்வோம். மின்கட்டணக் காலம் இரண்டு மாதம், அதாவது 60 நாள்.

பழைய மின்விசிறி: 75 வாட்டு × 12 மணி = நாளொன்றுக்கு 0.9 யூனிட், 60 நாளுக்கு 54 யூனிட்.

புதிய மின்விசிறி: 30 வாட்டு × 12 மணி = நாளொன்றுக்கு 0.36 யூனிட், 60 நாளுக்கு 21.6 யூனிட்.

மிச்சம்: 32.4 யூனிட்.

வீட்டில் இத்தகைய மின்விசிறி மூன்று இருந்தால் மிச்சம் 97 யூனிட். தமிழ்நாடு அரசு 2016-ம் ஆண்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாக வழங்கத் தொடங்கியது. மூன்று மின்விசிறிகளை மாற்றுவதால் ஏறக்குறைய அதே அளவு மின்சாரம் நமக்கு இன்னொரு முறை கிடைக்கிறது.

புதிய மின்விசிறியின் விலை கூடுதல் என்பது உண்மை. வித்தியாசம் 1,500 ரூபாய் என்று கொள்வோம். ஓராண்டில் ஒரு மின்விசிறியால் மிச்சமாவது 194 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் செலுத்தும் வீட்டில் இது 970 ரூபாய். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் கூடுதல் விலை திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் இலாபமே. ஆனால், முன்பே 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டிற்கு இதனால் பண இலாபம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அத்தகைய வீட்டார் மின்விசிறி பழுதானபோது மாற்றினால் போதும். நன்றாக ஓடும் ஒன்றைக் கழற்றவேண்டியதில்லை.

மின்விசிறியை மாற்ற இயலாதவர் ரெகுலேட்டரையேனும் கவனிக்கவேண்டும். பழைய பெட்டி வகை ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது மிஞ்சிய மின்சாரத்தை வெப்பமாக்கி வீணாக்குகிறது. தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். மின்னணு வகை ரெகுலேட்டரில் அந்த நட்டம் மிகக் குறைவு.

4. ஐந்நூறு என்னும் படி

யூனிட் எல்லாம் ஒரே விலையுள்ளவை அல்ல என்பதை நம் அங்கத்தினர் பலர் உணர்ந்திலர். 2023-ம் ஆண்டுக் கோடையில் அருப்புக்கோட்டையைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர் இரண்டு கட்டண ரசீதுகளுடன் நம்மிடம் வந்தார். முந்திய ரசீது 490 யூனிட்; பிந்தியது 520 யூனிட். "முப்பது யூனிட்டுதானே கூடியிருக்கிறது, ஐயா! கட்டணம் நானூறுக்கு மேல் ஏறியிருக்கிறதே, மீட்டரில் கோளாறா?" என்று கேட்டார். மீட்டரில் கோளாறில்லை. 2022-ம் ஆண்டு செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையைக் கொண்டு அவருக்கு நாம் விளக்கியது இது:

இரண்டு மாதச் செலவு 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆகவே 490 யூனிட்டுக்கு 225 + 900 + 540 = 1,665 ரூபாய்.

செலவு 500-ஐத் தாண்டினால், 2 ரூபாய் 25 காசு என்னும் சலுகைப் படியே மறைந்துவிடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய். ஆகவே 520 யூனிட்டுக்கு 1,350 + 600 + 160 = 2,110 ரூபாய்.

வித்தியாசம் 445 ரூபாய். கூடுதலான அந்த 30 யூனிட்டுக்கு அவர் யூனிட் ஒன்றுக்கு ஏறக்குறைய 15 ரூபாய் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு வீதங்கள் சற்று உயர்ந்துள்ளன. 

வீட்டில் புதிதாக என்ன வந்தது என்று விசாரித்தோம். மகளின் திருமணத்திற்கு முன் பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றை மலிவாக வாங்கியிருந்தார். சீட்டு கிழிந்து போயிருந்தது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அவரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. "ஐயாயிரம் மிச்சம் என்று நினைத்தேன்" என்றார். அந்த மிச்சம் ஒவ்வொரு ரசீதிலும் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருந்தது.

பெட்டியைத் திருப்பித் தர அவருக்கு வழியில்லை. தறிக்கூடத்திலிருந்த பழைய மின்விசிறி ஒன்றை மாற்றினார். மேலே கண்டபடி அதன் மிச்சம் 32 யூனிட். அடுத்த ரசீது மீண்டும் 500-க்குள் இறங்கியது. ஒரு மின்விசிறி ஒரு ரசீதில் நானூறு ரூபாய்க்கு மேல் காப்பாற்றியது. நெசவுக் கூலியில் அத்தொகை எத்தனை முழத்துக்கு ஈடு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே, ஒவ்வொரு வீட்டாரும் தம் ரசீதில் பார்க்கவேண்டியது தொகையை மட்டுமன்று; எந்தப் படியின் அருகில் நிற்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். கணக்கெடுப்பவர் வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைத் தாமே படித்துப் பார்க்கும் வழக்கம் நல்லது.

கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ம் ஆண்டு 300 ஆயிற்று. விசைத்தறிக்கு 750-லிருந்து 1,000 ஆயிற்று. இவையும் அளவுள்ள சலுகைகளே. அளவுக்குள் நிற்பவருக்கே இவற்றின் முழுப் பயன் கிட்டும்.

5. தண்ணீருக்கு நட்சத்திரம் உண்டா?

நம் மாவட்டத்தில் மின்சாரத்தினும் அரிய பொருள் தண்ணீர். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கின்றன. விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர் போன்ற நகரங்கள் தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே தருவித்துக் குடிக்கின்றன. அது போதாதபோது குடம் இன்ன விலை என்று வாங்குகிறோம். எனவே, மின்சாரத்துக்கு உள்ளது போன்ற சீட்டு தண்ணீருக்கும் உண்டா என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே.

பிற நாடுகளில் உண்டு. ஆஸ்திரேலியா 2005-ம் ஆண்டு இதற்கெனச் சட்டம் இயற்றி, குழாய், பூத்தூவிக் குழாய், கழிப்பறைத் தொட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றுக்குத் தண்ணீர் நட்சத்திரம் வைத்தது. நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர் 2006-ம் ஆண்டு விருப்ப முறையில் தொடங்கி, 2009-ம் ஆண்டு அதைக் கட்டாயமாக்கியது. தண்ணீருக்கு அண்டை நாட்டை நம்பியிருந்த சிறு தீவு அது; பற்றாக்குறை அவர்களுக்கு ஆசானாயிற்று.

நம் நாட்டில் சலவை இயந்திரத்தின் நட்சத்திரம் 2019-ம் ஆண்டு முதல் மின்சாரத்தோடு தண்ணீரையும் கணக்கில் கொள்கிறது. ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்று சீட்டில் பார்க்கலாம். குழாய்களுக்கும் கழிப்பறைச் சாதனங்களுக்கும் தண்ணீர்ச் சிக்கனத் தரங்கள் வகுக்கப்பட்டிருப்பினும், மின்விசிறிச் சீட்டைப்போல் எந்தக் கடையிலும் காணும் அளவுக்கு அவை நம் ஊர்ப் பக்கம் பரவவில்லை. ஆகவே, தண்ணீர் விஷயத்தில் அளக்கும் வேலையைப் பெரும்பாலும் நாமே செய்துகொள்ளவேண்டும்.

அளக்கவேண்டியவற்றுள் முதன்மையானது ஆர்.ஓ. என்னும் சுத்திகரிப்பு இயந்திரம். உவர்நீர் ஊர்களில் இது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இது தண்ணீரை மென்திரையின் வழியே அழுத்திச் செலுத்தி உப்பைப் பிரிக்கிறது. பிரிந்த உப்பு ஒரு பகுதித் தண்ணீரோடு சேர்ந்து வெளிக்குழாய் வழியே போய்விடுகிறது. சாதாரண வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு மூன்று லிட்டர் அளவில் வெளியே தள்ளுவதுண்டு. ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 20 லிட்டர் எடுத்தால் 60 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. 15 லிட்டர்க் குடத்தால் நான்கு குடம்! காசு கொடுத்து வாங்கிய குடமாயின் அந்த நட்டத்தை என்னென்பது?

இது குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ம் ஆண்டு மே மாதம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைபொருள் உள்ள தண்ணீருக்கு இவ்வியந்திரத்தை உபயோகிப்பதைத் தடை செய்யவும், உபயோகிக்கும் இடங்களில் உள்ளே செல்லும் தண்ணீரில் குறைந்தது 60 விழுக்காடு நல்ல நீராக வெளிவரும்படி செய்யவும் அது மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்திற்கு அறிவுறுத்தியது. 60 விழுக்காடு தரும் இயந்திரமாயின், அதே 20 லிட்டருக்கு வெளியே போவது 13 லிட்டரே. 60 எங்கே, 13 எங்கே!

அங்கத்தினர் செய்யவேண்டியவை இரண்டு. வாங்குமுன் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவேண்டும். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டிற்கும் உவர்க்கிணறு உள்ள வீட்டிற்கும் ஒரே இயந்திரம் தேவையில்லை. ஆற்று நீரைக் காய்ச்சி வடிகட்டினாலே பல வீடுகளுக்குப் போதும். இயந்திரம் முன்பே இருந்தால் வெளிக்குழாயின் நுனியில் ஒரு வாளியை வைக்கவேண்டும். ஒரு குடம் நல்ல நீர் நிறைவதற்குள் வாளியில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தால், அதுவே நம் இயந்திரத்தின் நட்சத்திரச் சீட்டு. அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. தரை கழுவவும் கழிப்பறைக்கும் ஆகும். உப்பு மிகுந்ததாகையால் செடிக்கு ஊற்றுவதில் எச்சரிக்கை வேண்டும்.

6. தோட்டத்துப் பம்பு

பருத்தியும் மிளகாயும் பயிரிடும் அங்கத்தினர், "எங்கள் பம்புக்கு மின்சாரம் இலவசம், நட்சத்திரத்தால் எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். பம்பு செட்டுகளுக்கும் நட்சத்திரச் சீட்டு உண்டு. திறமையான பம்பு அதே மின்சாரத்தில் அதிக நீரை இறைக்கும். மும்முனை மின்சாரம் சில மணி நேரமே வரும் இடத்தில் அந்தச் சில மணியில் வயல் நனைவது நேரான இலாபம். பழைய பம்பை மாற்றுவதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கியதுண்டு. இப்போதைய விவரத்தை அத்துறையின் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நல்ல பம்பு மின்சாரத்தைச் சேமிக்கும், கிணற்றைச் சேமிக்காது. விரைவாக இறைத்தால் ஊற்று விரைவாக வற்றும். கட்டணம் இல்லாத இடத்தில் சிக்கனத்தை உணர்த்துவது ரசீது அன்று, கிணற்றின் நீர்மட்டமே. ஆகவே, பம்பை மாற்றும்போதே சொட்டுநீர்க் குழாயையும் சேர்த்து நினைப்பது விவேகம்.

7. சங்கம் செய்யக்கூடியது

தனி ஒருவர் கடைக்குப் போனால் கடைக்காரர் காட்டியதை வாங்கி வருவார். நூறு பேர் சேர்ந்து சென்றால் நாம் கேட்டதைக் கடைக்காரர் தருவிப்பார். இதற்கு அண்மைக் காலச் சான்று எல்.இ.டி. விளக்கு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் கோடிக்கணக்கான விளக்குகளை மொத்தமாக ஒப்பந்தப் புள்ளி கோரி வாங்கியது. 2014-ம் ஆண்டுத் தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ம் ஆண்டில் 38 ரூபாய்க்கு இறங்கியது. 2015-ம் ஆண்டு சனவரியில் நாடெங்கும் தொடங்கிய அத்திட்டத்தால்தான் இன்று நம் வீடுகளில் 60 வாட்டு குண்டு விளக்கு போய் 9 வாட்டு விளக்கு எரிகிறது. தேவைகளை ஒன்று திரட்டி மொத்தமாக வாங்கும் இந்த முறை கூட்டுறவுப் பண்டகசாலையின் முறையே.

அவ்வாறே நம் சங்கங்களும் செய்யலாம். அங்கத்தினரில் எத்தனை பேருக்கு மின்விசிறி தேவை என்று பட்டியல் எடுத்து, சீட்டின் விகிதத்தையும் ஆண்டையும் குறிப்பிட்டு விலைப்புள்ளி கேட்கலாம். கூடுதல் விலையை ஒரேயடியாகக் கொடுக்க இயலாதவருக்குச் சிறு கடன் அளித்து, மிச்சமாகும் கட்டணத்திலிருந்து தவணையாகப் பெறலாம். சங்க அலுவலகத்தில் தண்ணீரின் கரைபொருளை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி வைத்தால், இயந்திரம் தேவையா இல்லையா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்துகொள்வர். சாதனம் வாங்க அங்கத்தினருக்குக் கடன் வழங்கும் சங்கங்கள், விலைப்பட்டியலோடு சீட்டின் நகலையும் கேட்டுப் பெறும் ஒரு விதியைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். நம் அருப்புக்கோட்டை அங்கத்தினர் பழைய பெட்டி வாங்கிய அன்று அத்தகைய விதி இருந்திருந்தால் அவருக்கு அந்த நட்டம் நேர்ந்திராது.

அரசு விதி வகுத்துச் சீட்டை ஒட்டச் செய்துவிட்டது. அதை வாசிப்பது நம் வேலை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. ஆறே வற்றிக் கிடக்கும் நம் மாவட்டத்தில் அதை இரண்டு மடங்கு நினைவில் வைக்கவேண்டும்.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உங்கள் வீட்டின் கடைசி மூன்று மின்கட்டண ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 500 யூனிட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறீர்கள்?

2. 75 வாட்டு மின்விசிறி ஒன்று நாள்தோறும் 16 மணி நேரம் சுழல்கிறது. அதற்குப் பதில் 30 வாட்டு மின்விசிறி போட்டால் 60 நாளில் எத்தனை யூனிட் மிச்சமாகும்? (விடை: 43.2 யூனிட்.)

3. ஆண்டுக்கு 250 யூனிட் என்று சீட்டுள்ள குளிர்பதனப் பெட்டி 2,000 ரூபாய் மலிவு. 180 யூனிட் என்று சீட்டுள்ளது விலை கூடுதல். பத்தாண்டு உபயோகத்தில், யூனிட் 5 ரூபாய் வீதத்தில், எது இலாபம்?

4. உங்கள் வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒரு குடம் நல்ல நீருக்கு எத்தனை குடம் வெளியே தள்ளுகிறது? அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

5. நம் சங்கத்தில் மின்விசிறி வாங்க விரும்புவோர் எத்தனை பேர்? கூட்டாக வாங்குவதில் உள்ள தடைகள் யாவை?